கடைத் தெருவில் ஒரு கால்வாய்

புதுக்கோட்டை நகரம் 2024-ம் வருஷத்தில் மாநகராட்சி ஆயிற்று. பிள்ளை பெரிய பரீட்சையில் தேறிவிட்டால் வீட்டார் அவனுக்குப் புதுச் சட்டை தைக்க அளவெடுப்பார்கள் அல்லவா? அதுபோல நம் நண்பர்கள் சிலரும் இந்த நகரத்துக்கு என்ன அலங்காரம் செய்யலாம் என்று யோசித்து வருகிறார்கள். சில தினங்களுக்கு முன் மாலை வேளையில் பல்லவன் குளத்தங்கரையில் நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்களுள் ஒருவர் ஒரு யோசனையை வெளியிட்டார். கீழராஜ வீதிக் கடைத் தெருவை ஒட்டி ஒரு கால்வாய் வெட்ட வேண்டுமாம். அதில் வருஷம் முழுவதும் தெளிந்த நீர் ஓட வேண்டும்; இரு கரையிலும் நிழல் மரங்களும் நடைபாதையும் சிற்றுண்டிச் சாலைகளும் அமைய வேண்டும். "பிறகு பாருங்கள், ஊரின் வியாபாரம் எப்படிச் செழிக்கிறதென்று!" என்றார். அவர் கொரியா தேசத்துத் தலைநகரான ஸோலுக்குப் போய்த் திரும்பியவர்.

சிலர் நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. குடிக்கத் தண்ணீர் தேடும் சீமையில் கால்வாய்க் கனவு எதற்கு என்று கேட்பது எளிது. ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தை அறிந்த ஊர்தான் தண்ணீரின் அழகையும் அறியும். ஆகையால் இந்த யோசனையைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே முறை என்று கருதி, நேயர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஸோல் நகரத்துக் கதையைக் கேட்போம். அந்த நகரின் நடுவே சுங்கேசான் என்றோர் ஓடை இருந்தது. ஏழைகள் அதன் கரையில் குடிசை போட்டார்கள், ஓடை சாக்கடையாயிற்று. பிறகு அதை மூடி மேலே தெருவும், அதற்கும் மேலே தூண்கள் நிறுத்தி ஒரு விரைவுப் பாதையும் அமைத்தார்கள். 2003-ம் வருஷத்தில் நகராதிபதியாயிருந்த லீ மியுங் பாக் அந்தப் பாதையை இடித்து ஓடையை மீட்கத் தொடங்கினார். 2005 அக்டோபரில் சுமார் 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள நீரோட்டம் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோடை நாளில் அதன் கரை பக்கத்துத் தெருக்களைவிடச் சில டிகிரி குளிர்ந்திருப்பதாக அளந்து கண்டார்கள். அருகிலுள்ள நிலத்தின் விலை ஏறிற்று. 2008-ல் அந்த நகராதிபதி தேசத்தின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார்.

அமெரிக்காவில் ஸான் அன்டோனியோ என்ற ஊரிலும் இத்தகைய கதை உண்டு. 1921-ம் வருஷத்து வெள்ளத்தில் அங்கே சுமார் 50 பேர் மாண்டனர். ஊருக்குள் வளைந்தோடும் ஆற்றை மூடிச் சாக்கடையாக்கிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. ஊர்ப் பெண்மணிகள் சங்கம் கூட்டி எதிர்த்தனர். 1929-ல் ராபர்ட் ஹக்மன் என்ற இளஞ் சிற்பி, ஆற்றங்கரையிலேயே நடைபாதையும் கடைகளும் அமைக்கலாமென்று படம் வரைந்து காட்டினார். 1939-க்கும் 1941-க்கும் இடையே வேலையற்றோருக்குக் கூலி கொடுத்துச் சர்க்கார் அந்த வேலையை முடித்தது. இன்று அந்த ஊருக்கு வரும் யாத்ரீகர் முதலில் காணப் போவது அந்த ஆற்றங்கரையைத்தான். ஆனால் அந்தக் கரை மெய்யாகச் செழித்தது 1968-ல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்த பிறகே. வேலை முடிந்து 27 வருஷம் காத்திருந்தார்கள்.

ஆகவே, ஊர் நடுவே ஓடும் நீர் கடைத் தெருவுக்கு உயிர் கொடுக்கும் என்பது வெறும் கற்பனையன்று. நண்பரின் தட்டில் இந்த எடையை நாம் நேர்மையாக வைத்துவிட வேண்டும். இனி மற்றொரு தட்டில் வைக்க வேண்டியவை மூன்று கேள்விகள். நீர் எங்கிருந்து வரும்? அந்த நீருடன் எது வந்து கலக்கும்? கரையில் இன்று இருப்பவர் நாளை எங்கே இருப்பார்?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஸோல் நகரத்து ஓடையில் இன்று ஓடும் நீர் பெரும்பாலும் தானாக ஊறியதன்று. ஹான் என்ற மகாநதியிலிருந்தும், பூமிக்கடியிலுள்ள ரயில் நிலையங்களில் கசியும் ஊற்றுகளிலிருந்தும் நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன் நீரை இயந்திரங்களால் ஏற்றி விடுகிறார்கள். மின்சாரம் நின்றால் ஓடை வற்றும். நமக்கோ ஹான் நதி இல்லை. வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு என்று பெயர்கள் உண்டே தவிர, வருஷம் முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றுகூட இந்த ஜில்லாவில் கிடையாது. மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணல் தெரியும்.

"காவேரித் தண்ணீர் வரும் கால்வாயானால்?" என்று கேட்கலாம். அதற்கும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அருகே ஊரை ஊடுருவிச் செல்லும் கல்லணைக் கால்வாயை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஜனங்கள் அதைப் புது ஆறு என்பர். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் நடைமுறைக்கு வந்த அந்தக் கால்வாய், நம் ஜில்லாவின் அறந்தாங்கிப் பக்கத்து வயல்களுக்கும் நீர் கொண்டு வருகிறது. நீர் நிரம்பி ஓடும் நாளில் பாலத்தின்மீது நின்று பார்த்தால் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்க நாள் ஜூன் 12. மூடும் வழக்க நாள் ஜனவரி 28. இடையிலுள்ள நாலரை மாதமும் அந்தக் கால்வாய் வறண்ட தரையாகக் கிடக்கிறது. காவேரியின் மடியிலிருக்கும் தஞ்சாவூருக்கே இந்தக் கதியென்றால், புதுக்கோட்டைக் கடைத் தெருவில் சித்திரை மாதத்தில் என்ன ஓடும்?

காவேரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாயை நம்பலாமே என்று சொல்பவரும் உண்டு. 2021 பிப்ரவரி 21-ம் தேதி நம் ஜில்லாவின் குன்னத்தூரில் அந்தத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 14,400 கோடி ரூபாய்ச் செலவில், மாயனூர்க் கதவணையிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் தூரம் செல்லத் திட்டமிட்டது அது. அதன் நோக்கம் காவேரியில் வெள்ளம் வரும்போது கடலுக்குப் போகும் உபரி நீரை, விநாடிக்கு 6,300 கன அடி அளவில், வறண்ட சீமைகளின் கண்மாய்களுக்குத் திருப்புவது. வெள்ள நீர் சில நாள் விருந்தாளி. அதைக் கண்மாயில் தேக்கி வைத்தால் வயல் விளையும். கடைத் தெருவில் ஓடவிட்டால் காட்சி முடிந்ததும் போய்விடும். உழவனுக்கென்று கேட்டு வாங்கும் நீரிலிருந்து அலங்காரத்துக்குப் பங்கு கேட்க நமக்கு வாய் வருமா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கால்வாய் ஒரு கிலோமீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உடையதென்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போகிறதென்று குறைவாகவே மதிப்பிட்டாலும், தினம் 50,000 லிட்டர் நீர் ஆகாயத்துக்குக் காணிக்கையாகும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென்பது நம் நாட்டில் திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. அந்தக் கணக்கில் இது 370 பேருடைய அன்றாடத் தண்ணீர். தரையில் ஊறி மறைவதை இதில் சேர்க்கவில்லை. அதைத் தடுக்கச் சிமிட்டி பூசினால் நீர் நிற்கும். ஆனால் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஒரு துளி பயனும் இராது. பூசாமல் விட்டால் கிணறு ஊறும், கால்வாய் வற்றும். இரண்டையும் ஒருங்கே பெற வழியில்லை.

இரண்டாவது கேள்வி, கலப்பது எது என்பது. இதற்குச் சென்னைப் பட்டணமே விடை சொல்லும். 1806-ல் கொக்ரேன் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து எண்ணூர்ப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்கு இட்டார்கள். ஆந்திர தேசத்திலிருந்து மரக்காணம் வரை அதில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போய் வந்தன. பிறகு ரயிலும் லாரியும் வந்தன. 1965, 1966 வருஷங்களின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. வீட்டுச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் தடையின்றி இறங்கின. கடைசியில் பறக்கும் ரயிலுக்கு அதன் நடுவிலேயே தூண் ஊன்றினார்கள். பஞ்சத்தில் அடிபட்டவன் தோண்டிய கால்வாயில் இன்று மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் ஒருவர் நிற்க முடியாது.

கூவத்தின் கதையும் அப்படியே. 1970-க்களின் தொடக்கத்தில் அந்த ஆற்றைச் சீர்ப்படுத்திப் படகு விடத் திட்டமிட்டு, கரையில் படகுத் துறைகள் கட்டினார்கள். படகும் வந்தது. ஆனால் மேலிருந்து இறங்கிய சாக்கடை நிற்கவில்லை, படகுதான் நின்றது. துறையைக் கட்டுவது சில மாத வேலை. ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டின் கழிவும் ஆற்றில் சேராமல் தடுப்பது பல வருஷத்து வேலை. திறப்பு விழாவுக்கு ஏற்றது முதலாவது. ஆற்றைக் காப்பது இரண்டாவது.

மூன்றாவது கேள்வியை நான் ஒரு பெரியம்மாளிடமிருந்து கற்றுக்கொண்டேன். நண்பர்கள் கலைந்த பிறகு, வீட்டுக்குப் பூ வாங்க ஒரு பூக்காரியிடம் நின்றேன். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி, இங்ஙன வாய்க்கா வெட்டப் போறாகளா?" என்று கேட்டாள்.

"யாரும் வெட்டப் போகவில்லை ஆத்தா. சும்மா பேசிக்கொண்டிருந்தோம்" என்றேன்.

"வெட்டினா நல்லதுதான். தண்ணி வந்தா யாருக்குக் கசக்கும்? ஆனா கரையை அழகு பண்ணுறப்ப மொதல்ல எங்க கூடையைத்தானே தூக்கச் சொல்லுவாக?" என்றாள். பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டாள். மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய சந்தேகம் வீணன்று. ஸோல் ஓடைக்கரையில் கடை பரப்பியிருந்த தெரு வியாபாரிகளில் பலரை ஒரு பழைய விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பினார்கள். சில வருஷங்களுக்குள் அந்த மைதானத்தையும் இடித்து வேறு கட்டிடம் எழுப்பினார்கள். வியாபாரிகள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். நிலத்தின் விலை ஏறுவது நிலம் உடையவனுக்கு லாபம். வாடகைக்கு இருப்பவனுக்கு அதுவே வெளியேற்ற ஓலை. எந்தக் காரியத்தையும் தொடங்குமுன் நாம் கண்ட மிக ஏழையின் முகத்தை நினைத்து, அவனுக்கு இதனால் பயன் உண்டா என்று கேட்டுக்கொள்ளும்படி காந்தியடிகள் புத்தி சொல்லியிருக்கிறார். கடைத் தெருவின் அபிவிருத்திக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கால்வாயே வேண்டாமா? நான் அவ்விதம் சொல்ல வரவில்லை. புதிதாக வெட்டுவதற்கு முன், நம்மிடம் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

புதுக்கோட்டை தற்செயலாய்ப் பெருகிய ஊர் அன்று. திட்டமிட்டு அமைந்த ஊர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ரெஸிடெண்டாயிருந்த பிளாக்பர்னின் ஆலோசனையின் பேரில், தொண்டைமான் மன்னர் வீதிகளை நேராகவும் குறுக்கே வெட்டிச் செல்லுமாறும் அமைத்தார். பிற்பாடு 1878-ம் வருஷத்தில் அமராவதி சேஷய்ய சாஸ்திரியார் திவானாக வந்தார். தாது வருஷப் பஞ்சத்தின் புண் ஆறாத காலம் அது. 1894 வரை, முதலில் திவானாகவும் பிறகு திவான் ரீஜண்டாகவும் இருந்த அவர் நகரத்தைப் புதுப்பித்தார். வீதிகளையும் கட்டிடங்களையும் கவனித்த அவர் குளங்களை மறக்கவில்லை. பல்லவன் குளமும் புதுக்குளமும் அவர் காலத்தில் செப்பனிடப்பட்டன. ஊரின் அழகையும் ஊரின் தண்ணீரையும் அவர் ஒரே காரியமாகக் கண்டார். அவருக்குப் பிறகு நாம்தான் அதை இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

இந்த ஜில்லாவில் ஏரி, குளம், கண்மாய் என்று ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை உண்டு. அவை தனித்தனியே கிடக்கும் பள்ளங்கள் அல்ல. மேட்டு நிலத்து மழைநீர் வரத்து வாரி வழியாக முதற் கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் மிகுநீர் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. மாலையில் பூக்களைப்போல நூலில் கோத்தவை அவை. நூல் அறுந்தால் பூ உதிரும். நம் ஊர்களில் குளத்தைத் தூர்த்தவர்களைவிட, வாரியை மறைத்தவர்களே அதிகம். குளத்தை விழுங்கினால் ஊர் கூச்சலிடும். வாரியில் ஒரு படிக்கட்டு, பிறகு ஒரு கூரை, பிறகு ஒரு சுவர் என்று எழுந்தால் யாரும் கேட்பதில்லை. ஐப்பசியில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதுதான் பழைய வாரி தன்னை ஞாபகப்படுத்திக்கொள்கிறது. அது போக வேண்டிய வழியில் வீடு இருக்கிறது; ஆகையால் அது வீட்டுக்குள் போகிறது.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாள், "ஊரும் நீரும்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். பலர் கைப்பேசியில் கண்ட வெளிநாட்டுக் கால்வாய்களை நன்றாக வர்ணித்திருந்தார்கள். நம் ஊர்க் குளத்துக்கு நீர் வரும் வழி எது என்று ஒருவரும் எழுதவில்லை. அவர்களைக் குறை கூறலாமென்று நினைத்தேன். பிறகு அந்த வழியை முழுவதும் என்னால் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சிலருடன் நடந்தே தேடினேன். சில இடத்தில் வாரி தெரிந்தது. சில இடத்தில் பலகைக் கல்லால் மூடிய சாக்கடையாகத் தெரிந்தது. சில இடத்தில் வயதானவர்கள் கை நீட்டிக் காட்டிய திசையாக மட்டுமே தெரிந்தது.

ஆகையால் என் நண்பருக்கு நான் சொல்லும் விடை இதுதான். கால்வாய் வேண்டும், அது புதிய கால்வாயாக இருக்க வேண்டியதில்லை. நகரத்துக் குளங்களை இணைக்கும் வாரிகளை முதலில் அளந்து படம் வரைவோம். ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ஏரிக்கு உயிரான வாரிக்கும் அதே அக்கறையைக் காட்டுவோம். வேறு நிழலின்றி வாரிமேல் குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்று வீடு கொடுத்த பின்பே அவர்களைப் பெயர்ப்போம். வசதி படைத்தவர் வைத்த சுவரை அதற்கு முன்பே இடிப்போம். சாக்கடையை வேறு வழியில் திருப்பாமல் ஒரு மண்வெட்டியும் அலங்காரத்துக்காக எடுப்பதில்லை என்று விதி செய்வோம். அடியில் சிமிட்டி பூசாமல் மண்ணாகவே விடுவோம். மழைக்காலத்தில் அதில் நீர் ஓடும், கோடையில் ஓடாது. ஓடாத நாளில் அது புங்கமும் மருதமும் நிழல் தரும் நடைபாதையாக இருக்கட்டும். நாலு மாதம் நீரும் எட்டு மாதம் நிழலும் நம் சீமையின் இயல்பு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பூக்காரிக்கும் இளநீர்க்காரருக்கும் அந்த நிழலில் முதலிடம் குறித்து வைத்துவிட்டு, பிறகு சிற்றுண்டிச் சாலைகளுக்கு இடம் பார்ப்போம்.

இதனால் கடைத் தெருவின் வியாபாரம் உடனே செழிக்குமா என்று கேட்டால், ஆம் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஸான் அன்டோனியோவே 27 வருஷம் காத்திருந்தது. ஆனால் மழைக்குக் கடைக்குள் தண்ணீர் புகாமலிருந்தால் வியாபாரிக்கு அது லாபமே. குளம் நிறைந்து அக்கம்பக்கத்துக் கிணறு ஊறி, குடத்துடன் லாரிக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சினால் அதுவும் லாபமே. யாத்ரீகர் வராவிட்டாலும் இந்த லாபங்கள் நிற்கும். அலங்காரக் கால்வாயோ, யாத்ரீகர் வராவிட்டால் வெறுங் கடனாகிவிடும்.

முன்பு மன்னரும் திவானும் நினைத்தால் ஊர் மாறியது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த நாளிலிருந்து, நினைக்க வேண்டியவர்கள் நாமே. மாநகராட்சி என்ற பெயருக்கு ஏற்ற முதற் காரியம் எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், ஓர் அளவுச் சங்கிலியும் ஊரின் பழைய படமும் பத்துப் பள்ளிப் பிள்ளைகளும் போதும், வாரியைத் தேடப் புறப்படலாம் என்பேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மறுபடியும் நடக்கிறோம். நண்பரையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.